பின்னணி த்ரெட் பாதியில் காணாமல் போனால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

மாதம் பிறந்தால் முதல் ஏழு நாள் கோலாலம்பூரில் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தூக்கம் குறைவு. முந்தின மாதத்துச் சில்லறை விற்பனையைத் திரட்டி, ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸாக (மின்பில்லாக) மைஇன்வாய்ஸ் என்ற அரசுத் தளத்துக்கு அனுப்ப உள்நாட்டு வருமான வரி வாரியம் தரும் அவகாசம் அந்த ஏழு நாள்தான். மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைக் கணக்கர் ஏழாம் நாள் மாலையில்தான் பட்டனை அழுத்துவார். அதுவரை தேங்கிய மொத்த விற்பனை பில்களும் அதோடு சேர்ந்து போகும். ஒரு தடவைக்கு, அதாவது ஒரு தொகுதிக்கு, அதிகபட்சம் 100 ஆவணம், மொத்தம் 5 எம்பி. அனுப்பிய கையோடு முடிவும் தெரியாது, சரிபார்ப்பு முடிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஆக, அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் அரைமணி, ஒரு மணி ஓடுகிற வேலை இருக்கிறது.

இப்படிப்பட்ட வேலையை எல்லோரும் முதலில் ஒரு த்ரெட்டில், அதாவது ஓடும் நிரலான ப்ராசஸுக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடும் ஒரு கிளையில்தான், தூக்கிப் போடுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் வெப் சர்வருக்குத் தெரிந்ததெல்லாம் வரும் ரிக்வெஸ்ட், போகும் பதில், அவ்வளவுதான். நீங்கள் தனியாகக் கிளப்பிய த்ரெட் அதன் கணக்கிலேயே இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு இருப்பது மாதிரி: வீட்டைக் காலி செய்யும்போது யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இதனால் வருபவைதான்.

## எதற்கும் முன்னால் லாக்

லாக் என்பது நிரல் தன் நடப்பை எழுதிவைக்கும் குறிப்பு. அதன் ஒவ்வொரு வரியிலும் நேரம், ப்ராசஸ் எண், த்ரெட் பெயர், வேலை எண் நான்கும் இருக்க வேண்டும். இது இல்லாமல் பிழை தேடுவது வீண். இருந்தால் பல சமயம் வேறு எதுவும் தேவைப்படாது:

09:14:02 ப்ராசஸ் 4127, த்ரெட் அனுப்பி-1, வேலை 88, தொகுதி 13/41 அனுப்பியாச்சு
09:14:09 ப்ராசஸ் 4127, த்ரெட் அனுப்பி-1, வேலை 88, தொகுதி 14/41 அனுப்பப் போகிறது
09:14:31 ப்ராசஸ் 4390, ஆப் தொடங்கியது

பதினான்காவது தொகுதி என்ன ஆனது என்று நிரலை அலச வேண்டியதில்லை. ப்ராசஸ் எண் மாறிவிட்டது. 4127 செத்துப் போயிற்று, அதோடு த்ரெட்டும் போயிற்று. இனிக் கேட்க வேண்டிய கேள்வி, 4127ஐ யார் கொன்றது என்பதுதான்.

## பட்டனை அழுத்தி 60 விநாடியில் 504 வருகிறது

504 என்றால் பின்னால் இருக்கும் சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை என்று பொருள். இது த்ரெட் பிரச்சினையே இல்லை. இன்னும் த்ரெட் போடாததால் வருவது. முன்வாசல் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் இருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பு நேரம் 60 விநாடி, அமேசான் லோட் பேலன்சரின் சும்மா இருக்கும் நேரமும் 60 விநாடி. அதை 3,600 என்று ஏற்றி வைக்காதீர்கள். வேலையை டேட்டாபேஸில் ஒரு வரிசையாக எழுதிவிட்டு, வேலை எண்ணோடு 202 ('ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை') என்ற பதிலை உடனே திருப்புங்கள். திரை அந்த எண்ணை வைத்து நிலையைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

## லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் த்ரெட் அசையவே இல்லை

பைத்தான் ஆட்களுக்கு இது அடிக்கடி வரும். ஆப்பை ஓட்டும் சர்வராக யூவிஸ்கி வைத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது 'எனேபிள் த்ரெட்ஸ்' என்ற அமைப்பு. இயல்பில் அது அணைந்தே இருக்கும். நீங்கள் உருவாக்கிய த்ரெட் பிழை எதுவும் காட்டாமல் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது காரணம் ஃபோர்க், அதாவது ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றைப் பிரித்தெடுப்பது. இன்னொரு பைத்தான் சர்வரான குனிகார்னில் 'ப்ரீலோட்' போட்டிருந்தால் ஆப் முதலில் தலைமை ப்ராசஸில் ஏறும், பிறகு அதிலிருந்து, ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் ப்ராசஸ்களான ஒர்க்கர்கள் பிரியும். ஃபோர்க் செய்யும்போது, அதை அழைத்த த்ரெட் மட்டுமே புது ப்ராசஸுக்கு வரும், மற்றவை வராது. ஆப் ஏறும்போதே நீங்கள் தொடங்கிய த்ரெட் தலைமை ப்ராசஸில் உட்கார்ந்திருக்கும். ஒர்க்கரில் நீங்கள் க்யூவில் போடும் வேலையை எடுக்க ஆள் இருக்காது. யூவிஸ்கியும் இயல்பில் இதே மாதிரி ஏற்றிவிட்டுத்தான் பிரிக்கும். ஃபோர்க் முடிந்த பிறகு ஓடும் ஹூக்கில் த்ரெட்டைத் தொடங்குங்கள், அல்லது முதல் வேலை வரும்போது தொடங்குங்கள்.

## பாதியில் நிற்கிறது, பிழைச் செய்தியே இல்லை

"அண்ணே, லாக்ல ஒண்ணுமே இல்லண்ணே" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அது இந்த வகைதான். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ப்ராசஸ் செத்திருக்கும், த்ரெட் மட்டும் செத்திருக்கும், அல்லது த்ரெட் உயிரோடு எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். பரிகாரம் மூன்றுக்கும் வேறு வேறு. அதனால் எது என்று தெரியாமல் நிரலில் கை வைக்காதீர்கள்.

ப்ராசஸ் எண் மாறியிருந்தால் கொன்றவரைத் தேடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வரான ஐஐஎஸ் என்றால் இரண்டு பேர் மேல் சந்தேகம். 20 நிமிடம் ரிக்வெஸ்ட் எதுவும் வராவிட்டால் உங்கள் ஆப் ஓடும் அப்ளிகேஷன் பூலின் ப்ராசஸை அது நிறுத்திவிடும். உங்கள் த்ரெட் மும்முரமாக ஓடிக்கொண்டிருப்பது அதற்கு ரிக்வெஸ்ட் ஆகாது. கணக்கர் பட்டனை அழுத்தி, திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனால் போதும், வேலை நின்றுவிடும். இன்னொன்று 1,740 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் ரீசைக்கிள், பழைய ப்ராசஸை மூடிப் புதியதைத் தொடங்குவது. அதாவது 29 மணி நேரம். திங்கள் காலை 9 மணிக்கு நடந்தால், அடுத்தது செவ்வாய் பிற்பகல் 2, அதற்கடுத்தது புதன் மாலை 7. நேரம் நகர்ந்துகொண்டே போவதால் 'தினமும் இத்தனை மணிக்கு நிற்கிறது' என்று சொல்ல முடியாது. பலர் நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். சும்மா இருக்கும் நேரத்தைச் சுழியமாக்குங்கள். ரீசைக்கிளை விடியற்காலை ஒரு குறிப்பிட்ட மணிக்கு மாற்றுங்கள்.

குனிகார்னில் டைம்அவுட் இயல்பாக 30 விநாடி. வழக்கமான சின்க் ஒர்க்கரில் வேறு யாரோ திறந்த ஒரு கனமான அறிக்கை 30 விநாடியைத் தாண்டினால், அந்த ஒர்க்கர் கொல்லப்படும். உங்கள் த்ரெட் அதே ஒர்க்கருக்குள் இருந்தால் கூடவே போகும். குற்றம் ஒன்றும் செய்யாத வேலைக்கும் மரணம். இத்தனை ரிக்வெஸ்ட்டுக்குப் பிறகு ஒர்க்கரை மாற்றச் சொல்லும் 'மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்' போட்டிருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், நாசூக்காக.

ஆப்பைத் தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு வெளியேறியிருந்தால் அது வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது என்று பொருள். நினைவகம் தீர்ந்ததால் இருக்கலாம். நிறுத்தச் சொல்லியும் குறித்த நேரத்துக்குள் நிற்காததாலும் இருக்கலாம். டாக்கர் இன்ஸ்பெக்டில் 'ஓஓஎம் கில்டு' உண்மை என்று காட்டினால் முதல் வகை. ஆயிரக்கணக்கான இன்வாய்ஸை ஒரே பட்டியலாக நினைவகத்தில் ஏற்றாமல், நூறு நூறாக டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.

ப்ராசஸ் எண் மாறவில்லை, ஆனால் த்ரெட்டைக் காணோம் என்றால் அது எக்செப்ஷனால் (ஓட்டத்தில் எழும் பிழையால்) செத்திருக்கிறது, அந்த எக்செப்ஷன் விழுங்கப்பட்டிருக்கிறது. ஜாவாவின் எக்ஸிக்யூட்டரிலும் பைத்தானின் த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டரிலும் 'சப்மிட்' செய்தால், பிழை, முடிவைத் தாங்கி நிற்கும் ஃப்யூச்சருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் முடிவை நீங்கள் கேட்காதவரை வெளியே வராது. ஜாவாவில் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட வைக்கும் 'ஸ்கெட்யூல் அட் ஃபிக்ஸ்டு ரேட்' இன்னும் மோசம்: ஒருமுறை எக்செப்ஷன் வெளியேறினால் அதற்கடுத்த ஓட்டங்கள் அத்தனையும் ரத்து. சத்தமே இருக்காது. வேலையின் ஆக வெளிச் சுற்றில் எல்லாவற்றையும் பிடித்து, லாக்கில் எழுதி, வேலையின் நிலையைத் 'தோற்றது' என்று மாற்றும் ஒரு பகுதி கட்டாயம் வேண்டும்.

டாட்நெட்டில் இதற்கு நேர்மாறான அறிகுறி வரும். டாட்நெட் 6 முதல் பேக்கிரவுண்ட் சர்வீஸில் பிடிக்கப்படாத எக்செப்ஷன் வந்தால் ஹோஸ்ட்டே, அதாவது மொத்த ஆப்பே நின்றுவிடும். முன்பு பின்னணி வேலை மட்டும் அமைதியாகச் செத்துக்கொண்டிருந்தது. மேம்படுத்தியதும் தளமே விழுகிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. சத்தம் போட்டு விழுவது நல்லதுதான்.

த்ரெட் இருக்கிறது, ஆனால் நகரவில்லை என்றால் ஊகிக்காமல் உள்ளே எட்டிப் பாருங்கள். ஜாவாவுக்கு ஜேஸ்டாக், பைத்தானுக்குப் பைஸ்பை டம்ப். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை நிறுத்தாமலேயே, எந்த த்ரெட் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். கண்டெய்னருக்குள் பைஸ்பை வேலை செய்ய 'சிஸ் பிட்ரேஸ்' அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது நிற்கும் வரி வெளிச் சர்வரிடம் பதிலுக்குக் காத்திருக்கும் வரியாக இருக்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் சொல்லாவிட்டால் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். இணைப்புக்கு 5 விநாடி, படிப்பதற்கு 60 விநாடி என்று ஒவ்வோர் அழைப்பிலும் கொடுங்கள். அப்படிக் கொடுத்தாலும், படிக்கும் டைம்அவுட் என்பது ஒரு பைட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காத்திருப்புதான், மொத்த நேரம் அல்ல.

## ஒரே வேலை இரண்டு தடவை ஓடுகிறது

உங்கள் லேப்டாப்பில் மட்டும் இப்படி என்றால் நிரல் மாறினால் ஆப்பைத் திரும்ப ஏற்றும் ரீலோடர்தான் காரணம். ஃப்ளாஸ்க் டீபக் முறையிலும் ஜாங்கோ ரன்சர்வரிலும் ஆப் இரண்டு ப்ராசஸில் ஏறும். ரீலோடை அணைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

சர்வரில் என்றால் ஒர்க்கர்களை எண்ணுங்கள். நான்கு ஒர்க்கர் இருந்தால், ஆப் தொடங்கும்போது கிளம்பும் டைமர் நான்கு இருக்கும். ஐஐஎஸ் ரீசைக்கிளில் பழைய ப்ராசஸ் போவதற்கு முன்பே புதியது வந்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டும் ஓடும். பின்னணி வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் செலரியும் அதன் செய்திகளை வைத்திருக்கும் ரெடிஸும் சேர்த்து வைத்திருந்து, உறுதிச் செய்தியை வேலை முடிந்த பிறகு அனுப்பும்படி அமைத்திருந்தால், ஒரு மணி நேரத்தைத் தாண்டும் வேலை இன்னோர் ஒர்க்கருக்கும் போகும். உறுதி வராத வேலையைத் திரும்பக் கொடுக்கும் 'விசிபிலிட்டி டைம்அவுட்' இயல்பாக 3,600 விநாடி.

நிரலுக்குள் ஒரு பூட்டு வைத்தால் அது ஒரு ப்ராசஸுக்குள் மட்டும்தான் காக்கும். பூட்டு டேட்டாபேஸில் இருக்க வேண்டும். வேலைப் பட்டியலில் நிலை, உரிமையாளர், கடைசி மூச்சு நேரம், கடைசியாக முடித்த தொகுதி என்று நான்கு புலங்கள் போதும். த்ரெட் செய்ய வேண்டியது: 'வேலை 88இன் நிலை காத்திருப்பு என்று இருந்தால் மட்டும் அதை ஓட்டம் என்று மாற்று, என் பெயரைப் போடு' என ஒரே ஒரு அப்டேட். மாறிய வரிசை 1 என்றால் வேலை உங்களுடையது. 0 என்றால் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள், பேசாமல் போய்விடுங்கள். முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுவது என்று இரண்டு படியாக எழுதினால், அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைவார். பலர் ஒரே பட்டியலிலிருந்து வேலை எடுப்பதாக இருந்தால் பிறர் பூட்டிய வரிசையைத் தாண்டிப் போகும் 'ஸ்கிப் லாக்டு' போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் 8இலும் உண்டு.

கடைசி மூச்சு நேரம் எதற்கு என்றால், உரிமையாளர் செத்துவிட்டால் மற்றவர் எடுத்துக்கொள்ள. ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அதைப் புதுப்பியுங்கள். சில நிமிடமாகப் புதுப்பிக்கப்படாத வேலையை வேறு ப்ராசஸ் எடுக்கலாம். அந்தச் சில நிமிடம் உங்கள் டைம்அவுட்டை விடத் தாராளமாக அதிகம் இருக்கட்டும். இதற்கென்று தனி த்ரெட் வைத்து மூச்சை எழுதும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும் த்ரெட் மாட்டிக்கொண்டு கிடக்க, மூச்சு த்ரெட் மட்டும் 'நலம், நலம்' என்று எழுதிக்கொண்டிருக்கும். வேலை செய்யும் சுற்றுதான் மூச்சையும் எழுத வேண்டும்.

இதெல்லாம் செய்தும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது, மேலே உள்ள லாக்கில் 09:14:09இல் தெரிகிறதே, அதுதான். தொகுதி 14 போய்ச் சேர்ந்து, பதில் எண்ணை நாம் எழுதிவைப்பதற்குள் ப்ராசஸ் செத்திருந்தால்? திரும்ப அனுப்பினால் இரட்டிப்பாகலாம், அனுப்பாவிட்டால் விடுபடலாம். எந்தப் பூட்டும் இதைத் தீர்க்காது. அனுப்புவதற்கு முன் 'அனுப்பப் போகிறது' என்று தொகுதியின் நிலையை எழுதி கமிட் செய்யுங்கள், பதில் வந்ததும் 'அனுப்பியாச்சு' என்று மாற்றுங்கள். மறுபடி தொடங்கும்போது 'அனுப்பப் போகிறது' என்று நிற்கும் தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். மைஇன்வாய்ஸில் ஆவணங்களைத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் பில் எண்ணை வைத்து, அந்த நூறில் எவை ஏற்கெனவே போய்விட்டன என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். சரிபார்ப்பு முடிந்த இ-இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் இருக்கிறது. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை மாலையாக அமைந்து, திங்கள் இரவுதான் யாராவது கவனித்தார்கள் என்றால் கதை முடிந்தது.

## சரியாக ஒரு மணி நேரத்தில் எல்லாம் 401

401 என்றால் அனுமதி இல்லை என்று பொருள். அனுமதிச் சீட்டான டோக்கன் காலாவதி. மைஇன்வாய்ஸ் டோக்கனின் ஆயுள் 60 நிமிடம். வேலை தொடங்கும்போது ஒருமுறை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட த்ரெட் 61ஆம் நிமிடம் விழும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் மிச்ச ஆயுளைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குக் குறைவென்றால் புதிதாக வாங்குங்கள். சின்னக் கோப்போடு சோதிக்கும்போது இது ஒருநாளும் வெளியே வராது.

## பின்னணி வேலை ஓடும்போது தளமே இழுக்கிறது

டேட்டாபேஸ் கனெக்‌ஷனை முதலில் சந்தேகப்படுங்கள். பைத்தானின் டேட்டாபேஸ் நூலகமான எஸ்க்யூஎல் ஆல்கெமி ஒரு ப்ராசஸுக்கு இயல்பில் 5 கனெக்‌ஷன், நெருக்கடிக்கு மேலும் 10 தரும். அதற்கு மேல் கேட்டால் 30 விநாடி காக்க வைத்துப் பிழை தரும். ஜாவாவில் ஹிக்காரி என்றால் மொத்தமே 10. பின்னணி த்ரெட் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு வெளிச் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தால், அந்தக் கனெக்‌ஷன் பூட்டிக் கிடக்கும். படி, கமிட் செய், கனெக்‌ஷனை விடு, அப்புறம் அனுப்பு. இந்த வரிசை மாறக்கூடாது. பூல் அளவை மட்டும் ஏற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்: இயல்பிலேயே எட்டு ஒர்க்கர் தலா 15 என்று 120 ஆகி, போஸ்ட்கிரெஸின் இயல்பு எல்லையான 100ஐத் தாண்டும். இப்போது வேறு இடத்தில் பிழை.

கனெக்‌ஷன் சரி என்றால் சிபியூவைப் பாருங்கள். பைத்தான் த்ரெட்டில் பிடிஎஃப் தயாரிப்பு மாதிரி கணக்கு அதிகமுள்ள வேலை ஓடினால், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓட விடும் ஜிஐஎல் என்ற பூட்டு காரணமாக அதே ஒர்க்கரின் ரிக்வெஸ்ட்டுகள் எல்லாம் வரிசையில் நிற்கும். இதற்கு த்ரெட் மருந்தே இல்லை. வேறு ப்ராசஸுக்குக் கொண்டு போங்கள்.

## ஒவ்வொரு டிப்ளாயிலும் ஒரு வேலை அரைகுறையாகிறது

டிப்ளாய் என்றால் புதுப் பதிப்பை ஏற்றுவது, அப்போது பழைய ப்ராசஸ் நிறுத்தப்படும். நிறுத்தச் சொல்லும் செய்தி வந்ததிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொல்லும்வரை உள்ள நேரம்: டாக்கரில் 10 விநாடி, கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸில் 30. ஏஎஸ்பி டாட்நெட் கோரில் டாட்நெட் 5 வரை 5 விநாடியாக இருந்தது 6இல் 30 ஆனது. உங்கள் ஒரு தொகுதி அதற்குள் முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாதென்றால் நேரத்தை ஏற்றுவதைவிடத் தொகுதியைச் சின்னதாக்குவது மேல்.

த்ரெட் ஒவ்வொரு தொகுதிக்கும் இடையில் ஒரு நிறுத்தக் கொடியைப் பார்க்க வேண்டும். சும்மா ஸ்லீப்பில் போட்டால் கொடி மாறினாலும் எழாது. கொடியின் மேலேயே நேர வரம்போடு காத்திருந்தால் உடனே எழும். பைத்தானின் டீமன் த்ரெட்டை நம்பி இருக்காதீர்கள், ப்ராசஸ் முடியும்போது அது எந்த வரியில் இருந்தாலும் அப்படியே அறுபடும். டாக்கர் கோப்பில் கட்டளையை ஷெல் வடிவில் எழுதியிருந்தால் நிறுத்தச் செய்தி ஷெல்லோடு நின்றுவிடும், உங்கள் ஆப்புக்குப் போகாமலே பத்து விநாடியும் கழியும். அடைப்புக்குறிப் பட்டியல் வடிவில் எழுதுங்கள். ஜாவா சர்வரான டாம்கேட்டின் லாக்கில் 'த்ரெட்டைத் தொடங்கியது, ஆனால் நிறுத்தவில்லை' என்கிற எச்சரிக்கை வந்தால் அதுவும் இந்தக் கதைதான். கான்டெக்ஸ்ட் (ஏறியிருக்கும் ஆப்) அழியும்போது எக்ஸிக்யூட்டரை மூடும் வரி விட்டுப்போயிருக்கிறது.

## காலையில் வரும் முதல் வேலை மட்டும் தோற்கிறது

கடை இரவு மூடி, மறுநாள் காலை திறக்கிறது. மைஎஸ்க்யூஎல் சும்மா இருக்கும் கனெக்‌ஷனை 28,800 விநாடியில், அதாவது 8 மணி நேரத்தில் அறுத்துவிடும். த்ரெட் பழைய கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜாங்கோ ரிக்வெஸ்ட் முடியும்போது பழைய கனெக்‌ஷனை மூடும், ஆனால் உங்கள் த்ரெட்டுக்கு ரிக்வெஸ்ட் என்பதே கிடையாது. ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் 'க்ளோஸ் ஓல்டு கனெக்‌ஷன்ஸ்' நீங்களே அழைக்க வேண்டும். எஸ்க்யூஎல் ஆல்கெமியில் 'ப்ரீ பிங்' போட்டால் போதும்.

## நள்ளிரவு வேலை காலை 8 மணிக்கு ஓடுகிறது

சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கிறது, நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மணி மட்டும் தப்பினால் பரவாயில்லை. முதல் தேதி நள்ளிரவு 12:30க்கு இங்கே வேலை ஓடும்போது சர்வரின் காலண்டரில் இன்னும் முந்தின மாதக் கடைசி நாள் மாலை 4:30. 'போன மாதம்' என்று கேட்டால் அதற்கும் முந்தின மாதத்தைத் தரும். எந்த மாதம் என்பதை த்ரெட்டுக்குள் கணக்கிடாமல், பட்டன் அழுத்தும்போதே ஆசியா/கோலாலம்பூர் நேரத்தில் கணக்கிட்டு வேலை வரிசையில் எழுதிவிடுங்கள்.

## சரி செய்தாயிற்றா என்று பார்க்க

சோதனைச் சூழலில் நாற்பது தொகுதி உள்ள ஒரு வேலையை ஓட விடுங்கள். பாதியில் ப்ராசஸை 'கில் 9' போட்டுக் கொல்லுங்கள். நாசூக்கான நிறுத்தம் வேண்டாம். திரும்ப எழுப்பி, வேலை முடிந்த பிறகு அந்தப் பக்கம் சேர்ந்த ஆவணங்களையும் இந்தப் பக்கம் உள்ள பில்களையும் எண்ணுங்கள். அதன் பிறகு ஒரு தொகுதி போய்க்கொண்டிருக்கும்போதே கொல்லுங்கள், பதில் வந்து எழுதுவதற்குள். இதற்கு அந்த இடத்தில் தற்காலிகமாகப் பத்து விநாடி ஸ்லீப் ஒன்று போட்டுக்கொண்டால் நேரம் பிடிக்க வசதி. சோதனை முடிந்ததும் அந்த ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள்.